லிஃப்டுக்குள் பேசாதவை

இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மதியம் ஒரு மணி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து அடித்தால் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் சிபாரிசோடு வந்து நின்றாலும் நடக்காது என்று நிதி அலுவலகத்து எழுத்தர் அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பல விண்ணப்பங்கள் கடைசி நாளில் செத்துப்போவதைப் பார்த்தவர்.

அந்த நிதிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாலாவது மாடி ஆய்வகங்களில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'தனிக்குடித்தனம்' என்பார்கள். முதல் இரண்டு வருஷம் பெரியவர் ஒருவரின் ஆய்வகத்திலேயே இருந்து வேலையைப் பழுக்க வைக்க வேண்டும். அடுத்த மூன்று வருஷம் சொந்த ஆய்வகம், சொந்தக் கேள்வி, கதவில் சொந்தப் பெயர். புற்றுநோயை ஆராய்கிற இளையவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். கிடைக்காதவர்கள் இன்னொருவரின் கூரைக்குக் கீழே இன்னொருவரின் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே நரைத்துப்போவார்கள்.

அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஆய்வுத் திட்டம் பன்னிரண்டு பக்கம். நிறுவனத்தின் சம்மதம். எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஆய்வகத் தலைவியின் கடிதம். பிரிந்து போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தலைமையில் இருப்பவர் எழுத்தில் தர வேண்டும். பாகப்பிரிவினை மாதிரிதான். மேடம் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். நாலே வரி எழுதியிருந்தார். மருந்துக்குத் தப்பி உறங்கும் செல்கள் பற்றிய கேள்வி இவருடையது. செல்களையும் குறிப்பேடுகளையும் இவர் எடுத்துச் செல்லலாம். இதில் என் ஆய்வகம் இனிக் கை வைக்காது. இவர் தயாராகிவிட்டார்.

கொடுக்கும்போது, "இதை எழுத எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் மூணு வாரம்" என்றார் மேடம். ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான். அவள் அன்று இரண்டு குடுவைகளில் தேதியைத் தப்பாக எழுதினாள்.

இடித்தது ஒரே ஒரு விதி. முனைவர் பட்டம் வாங்கி நாலு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு நாலு வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தது. குடும்பத்தில் ஒருவருக்குக் கடும் நோய் வந்து, அவரைக் கவனித்துக்கொள்ள வேலையிலிருந்து விலகியிருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். அவள் பதினோரு மாதம் விலகியிருந்தாள். அப்பாவுக்காக. கணக்குச் சரியாக வந்தது. மருத்துவர் சான்றிதழும் உறையில் இருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்பதுகூடச் சரியில்லை. நாற்பது பக்க விதிமுறையை வரிவரியாகப் படித்தவள், முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் ஒரு மாதமாகப் புரட்டாமல் வைத்திருந்தாள்.

அதை எழுத்தர் புரட்டிக் காட்டினார். கவனித்துக்கொள்ளப்பட்டவர் நேரில் வர வேண்டும். தமக்கு என்ன நோய், யார் கவனித்தார்கள், எத்தனை மாதம் என்று தம் கையால் எழுதி அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டிலேயே எழுதி வாங்கி வரட்டுமா என்று கேட்டாள்.

"முன்னாடி அப்படித்தாம்மா இருந்துச்சு," என்றார் எழுத்தர். "போன வருஷம் ஒருத்தர், செத்து எட்டு வருஷமான மாமனாருக்கு மறுபடியும் நோய் வரவச்சிட்டாரு. அதுல இருந்து ஆளைக் கண்ணால பாத்தாத்தான் முத்திரை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா உயிரோடு, நல்ல பசியோடு, வீட்டில் இருந்தார். ஆனால் தமக்கு வந்தது புற்றுநோய் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவும் அவளும் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

*

அப்பா லிஃப்ட்காரர். இதே கட்டடத்தில் இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். கீழ் ஐந்து மாடியும் ஆராய்ச்சி, அலுவலகம். ஆறிலிருந்து மேலே ஆஸ்பத்திரி. ஏழாவது மாடி புற்றுநோய்ப் பிரிவு. ஆட்கள் அவரை 'நம்பர்' என்று கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் அவர் வாயிலிருந்து எண்ணைத் தவிர வேறெதுவும் வராது.

அவருக்கென்று சில விதிகள் இருந்தன. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அவரே வைத்துக்கொண்டவை. லிஃப்டுக்குள் யாரிடமும் யாருக்கு என்ன என்று கேட்கக் கூடாது. நோயின் பெயர் சொல்லக் கூடாது. தன் வீட்டுச் சந்தோஷத்தைப் பேசக் கூடாது. ஏழுக்குப் போகிறவர் பக்கத்தில் நிற்கும்போது நம் வீட்டுப் பெருமை அவர் காதில் விழக் கூடாது என்பார்.

அவள் அந்தக் கட்டடத்துக்கு மாணவியாக வந்தாள், பிறகு ஆராய்ச்சியாளரானாள். ஆறு வருஷம் தினமும் அப்பாவின் லிஃப்டில்தான் ஏறினாள். ஒரு நாள்கூட அவர் அவளை மகள் என்று காட்டிக்கொண்டதில்லை. மற்றவர்களிடம் கேட்பது போலவே, "நாலா?" என்பார். அவளும், "நாலு" என்பாள். அவளோடு வேலை பார்த்தவர்களுக்குக்கூட விஷயம் தெரியாது. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் காது சிவந்துபோகிற பெண் அவள்.

அவர் ஓய்வு பெற்று ஆறு மாதத்தில் குடலில் கட்டி வந்தது. சோதனை முடிவை அவள்தான் முதலில் படித்தாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, இந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். பெயரைக் கேட்ட அன்றைக்கே ஆள் பாதியாகிவிடுகிறார்கள், மேலே போகும்போது இருந்த உயரம் கீழே வரும்போது இல்லை என்று அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவரைப் பாதியாகப் பார்க்க அம்மாவால் முடியாது. அதனால் 'குடல் புண்' என்றார்கள். ஏழாவது மாடி அவருக்குத் தெரிந்த இடம் என்பதால் ஊரின் மறுகோடியில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே போனால் எல்லாரும் உங்களைப் பார்க்க வந்து தொந்தரவு செய்வார்கள் என்றாள் அம்மா. அவர் தலையாட்டிக்கொண்டார்.

அறுவை முடிந்து, தையல் பிரிந்து மறுபடி போட்டு, ஆறு மாதம் மருந்து ஏற்றி, மெலிந்து, தேறினார். அந்தப் பதினோரு மாதமும் அவள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. மேடத்திடம் குடும்ப விஷயம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

*

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன்னறையில் அம்மா தையல் மிஷினில் இருந்தாள். ஒரு விடுதிக்கு அறுபது திரைச்சீலை தைத்துத் தர வேண்டும். உள்ளறையில் அப்பா தைத்தவற்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மழையில் துணி காயவில்லை. ஈரத்துணி மேல் பெட்டி போகும்போது எழும் ஆவியில் அந்த அறையின் கண்ணாடி முழுக்க மங்கியிருந்தது.

அவள் அம்மா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள், மிஷினை மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினோரு மாதத்தில் வந்த பழக்கம் அது. அப்பாவின் காதில் விழக் கூடாத பேச்சென்றால் துணி இல்லாமலே மிஷின் ஓடும். அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேன் முடிவும் பேசி முடித்தார்கள்.

அவள் விதியைச் சொன்னாள். அம்மா மிதித்துக்கொண்டே கேட்டாள். பேப்பரை மடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்ட முடியாதா என்றாள். அவர்தான் எழுத வேண்டும் என்று மகள் சொன்னாள். குடல் புண் என்றே எழுதட்டுமே என்றாள் அம்மா. சான்றிதழில் வேறு இருக்கிறதே என்றாள் மகள். அடுத்த வருஷம் கேட்டுப் பார்த்தால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"அடுத்த வருஷம் அஞ்சு வருஷம் ஏழு மாசம் ஆயிடும்மா. பதினோரு மாசத்தைக் கழிச்சாலும் தாண்டிப்போயிடும். இதுதான் கடைசி."

"இல்லேன்னா?"

"நாலு மாசத்துல என் வேலை முடியுது. மேடம் வேற யாராவதுகிட்டச் சொல்லிச் சேத்துவிடுவாங்க. வேற வேலை. அந்தச் செல்லெல்லாம் ஃப்ரீசர்லயே கிடக்கும்."

அம்மாவின் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

"உனக்கு வேணும்னுதான் எனக்கும் இருக்கு," என்றாள். "ஆனா ரெண்டு வருஷமா அந்த மனுஷன் நிமிந்து நடக்குறாரு. அதை எழுதிட்டு வீட்டுக்கு வர்ற ஆள் எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியலையே. நீ சொல்லு, நீதான படிச்சவ."

ஊசி வெறும் தகட்டில் டக்டக்கென்று குத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். அவரைக் கூட்டிக்கொண்டு போவோம். போகிற வழியில் நீ சொல்லு. என்னால் சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் நிற்பேன். அதற்குள் உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏம்மா, அடுத்த துணி இருக்கா, இல்ல மிஷின் மட்டும்தான் ஓடுதா?"

இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். அம்மா பதறிப்போய்த் துணியை ஊசிக்கடியில் தள்ளினாள்.

*

வியாழக்கிழமை முழுவதும் மழை. காலையில் அப்பா தன் தட்டில் இருந்த முட்டையில் பாதியை அவளுக்குத் தள்ளிவிட்டு, வழக்கம்போல, "உன் தூங்குமூஞ்சிங்க எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். உறங்கும் செல்களுக்கு அவர் வைத்த பெயர் அது.

"தூங்குதுப்பா."

"எழுப்பி விட்டுறாத."

"நான் எழுப்ப மாட்டேன். அது எப்ப, எதனால எழுந்திருக்குதுன்னு பாக்குறதுதான் என் வேலையே."

"எழுந்திருக்காமலே போறதும் உண்டா?"

"உண்டு. அஞ்சு வருஷம் அசையாம கிடந்தா பெரும்பாலும் அப்படியே போயிடும்."

"அஞ்சு," என்றார் அப்பா. லிஃப்டில் சொல்வது போலச் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டார்.

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா, நாளைக்கு என்று ஆரம்பித்தாள். ஒரு கையெழுத்துக்கு நீங்கள் அலுவலகம் வர வேண்டும் என்றாள். மீதியைச் சொல்லாமல் தட்டிலிருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எதற்குக் கையெழுத்து என்று அவர் கேட்க, அடுப்படியிலிருந்து அம்மா, வீட்டு விலாசத்துக்கு என்றாள். வழியில் சொல்லலாம் என்று திட்டம் போட்டவளே இப்படி முந்திக்கொண்டாள்.

"விலாசத்துக்கு நானா? சரி. நம்ம கட்டடத்தைப் பாத்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. உடம்பு முடியாதப்பகூட என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகலியே நீங்க," என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கப் போனார்.

அன்று ஆய்வகத்தில் செல்களுக்கு உணவு மாற்றும் நாள். ஒவ்வொரு குடுவையையும் அடைகாக்கும் பெட்டியிலிருந்து எடுத்து, பழைய இளஞ்சிவப்புத் திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் ஒட்டியிருப்பவை பெயர்ந்துவிடும். குடுவையைச் சாய்த்துச் சுவரோரமாக வழிய விட வேண்டும். முப்பத்தாறு குடுவை. தப்பிப் பிழைத்தவை அவை. ஒன்பது நாள் மருந்தில் கிடந்தும் சாகாமல், வளராமல், சும்மா இருப்பவை. வேறு யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்வதைத்தான் எல்லாரும் எண்ணினார்கள். மருந்து முடிந்து அப்பா தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், மீதி இருப்பது என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவள்தான் யோசித்தாள். அதைத் திட்டத்தின் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் எழுதவில்லை.

மேடம் எட்டிப் பார்த்து, எல்லாம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். ஒரு கையெழுத்து பாக்கி என்றாள்.

*

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து புதிதாக வந்த கட்டடங்களை எண்ணிக்கொண்டு வந்தார். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு கட்டடம் அகப்பட்டது. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்குக் கீழ்த்தளத்தில் நின்றார்கள். ஐந்தரை மணி நேரம் இருந்தது. அவள் கையில் உறை. உறைக்குள் அந்தப் படிவம். மூன்று கோடுகள் காலியாக இருந்தன. நோய். கவனித்தவர். காலம்.

"அப்பா, மேல போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அந்தப் பெஞ்சுல உக்காரலாமா? ஒரு விஷயம்…"

"லிஃப்ட் வந்துருச்சு," என்றார் அப்பா. மணி அடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது ஓட்டுநர் இல்லாத லிஃப்ட். யார் வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கிக்கொள்ளலாம். அப்பா உள்ளே போனார், யோசிக்காமல் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இருந்த மூலையில் முதுகைச் சாய்த்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு ஏறியவர்கள் அவரிடமே சொல்ல ஆரம்பித்தார்கள். ரெண்டு, என்றார் ஒருவர். அஞ்சு, என்றார் இன்னொருவர். அவர் அமுக்கினார். மகளைப் பார்த்து, "நாலா?" என்றார்.

"நாலு," என்றாள். அவளுக்குக் கண் கரித்தது.

கதவு மூடும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பது வயது இருக்கும். சக்கர நாற்காலியில் புருஷன். அவன் மடியில் பெரிய உறை, ஸ்கேன் படங்கள். அப்பா கதவைத் தடுத்துப் பிடித்தார். அவர்கள் உள்ளே வந்தார்கள்.

"அந்த… பெரிய டாக்டர் இருக்குற…" என்றாள் அவள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஏழு," என்றார் அப்பா.

இரண்டில் ஒருவர் இறங்கினார். லிஃப்ட் மறுபடி ஏறியது. புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க இங்க வேலை பாக்குறவரா?"

"பாத்தேம்மா. இருபத்தாறு வருஷம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அவ்வளவு சின்ன இடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது. "ஏழுக்குப் போனவங்க நல்லபடியா இறங்கி வர்றதைப் பாத்திருக்கீங்களாய்யா?"

அப்பா கதவுக்கு மேலே மாறும் எண்ணைப் பார்த்தார். மூன்று தாண்டியது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலில் நின்று கதவு திறந்தது. வெளியே நடைபாதையின் கடைசியில் நிதி அலுவலகத்துக் கண்ணாடிக் கதவு தெரிந்தது. எழுத்தர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா இறங்கவில்லை. கதவைத் திறந்து வைக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருஷத்தில் யாருக்காகவும் ஒரு மாடியில் அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை அவர். ஐந்துக்குப் போக வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"துணி இல்லாம மிஷின் ஓடுற சத்தம் வேறம்மா," என்றார் மெதுவாக. "இஸ்திரி போடுறவனுக்குத் தெரியாதா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மகள் பக்கம் திரும்பினார். அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் பாதியாகவில்லை. லிஃப்டின் மூலையில் எப்போதும் நிற்கும் அந்த முழு உயரத்தில் நின்றார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தவன் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக, சத்தமாகப் பேசினார்.

"நானே இறங்கி வந்தவன்தாம்மா. எனக்குக் குடல்ல புற்றுநோய். பதினோரு மாசம், தன் வேலைய விட்டுட்டு என்னைப் பாத்துக்கிட்டது இவ. நாலாவது மாடி. என் பொண்ணு."